டயல் டோன் கிடைக்காத வாரம்

எனக்கு நாற்பது தாண்டிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஆனாலும் வீட்டில் என் பெயர் கிழவர். பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பது, ரயில் நிற்கும் இடத்திலெல்லாம் பைகளை எண்ணுவது, கைப்பேசியில் சார்ஜ் பாதிக்குக் கீழே இறங்கினால் முகம் சுண்டிப்போவது என்று என் மேல் குற்றச்சாட்டுகள் நிறைய உண்டு. போன வாரம் வைஃபை கால் மணி நேரம் நின்றுபோனது. எழுந்து எழுந்து போய் அந்தப் பெட்டியில் எத்தனை விளக்கு எரிகிறது என்று எண்ணிவிட்டு வந்தேன். எண்ணினால் வந்துவிடுமா என்று மகள் கேட்டாள். வராதுதான். ஆனால் எனக்கு இந்த வியாதி முற்றியதே இப்படி ஒரு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துதான்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. மைசூரில் நஜர்பாத் பக்கம் குடியிருந்தோம். கீழே மூன்று அறை, மாடியில் ஒன்று. அப்பாவுக்கு அரசாங்க அலுவலகத்தில் வேலை. சொந்த ஊர் ஹனூர். அங்கே மக்காச்சோளக் காட்டைப் பெரியப்பா பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா காட்டு வேலை வேண்டாமென்று எங்களோடு வந்து தங்கி, கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்ய ஆறு மாதப் படிப்பு ஒன்று முடித்திருந்தார். ஸ்கூட்டரும் சாக்கு மூட்டைகளும் கிடக்கும் எங்கள் முன்னறையைக் காலி செய்து கொடுத்தால் அதில் கடை போடுவேன் என்பது அவர் விண்ணப்பம். ஆறு மாதத்தில் ஒருவன் என்ன கற்றுவிட முடியும் என்பது அப்பாவின் சந்தேகம்.

சித்தப்பா உதிரிப் பாகங்களை வாங்கி ஒரு கம்ப்யூட்டரைத் தானே பொருத்தி எங்கள் கூடத்தில் வைத்தார். அது ஓடியது. அப்பா அசரவில்லை. இன்டர்நெட் வரட்டும் பார்க்கலாம் என்றார். அதற்கு மோடம் என்று ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. முன்பக்கம் எட்டுச் சின்ன விளக்குகள், வயிற்றுக்குள் ஒரு குட்டி ஸ்பீக்கர். கூடத்துப் போனின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு இதன் ஒயரைச் செருகவேண்டும். போனை எடுத்ததும் காதில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கேட்கும் அல்லவா, அதற்கு டயல் டோன் என்று பெயர். மோடம் முதலில் அதைக் கேட்கும். கேட்டால்தான் எண்ணைப் போடும். கேட்காவிட்டால் திரையில் ஒரு சாம்பல் கட்டம் வந்து, டயல் டோன் இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லும்.

அப்பா சட்டம் போட்டார். பகலில் யாராவது அவசரத்துக்குக் கூப்பிடுவார்கள், அதனால் இன்டர்நெட் முயற்சியெல்லாம் அவர் அலுவலகத்திலிருந்து வந்தபின் மாலை ஆறிலிருந்து ஏழுவரைதான். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் யாரும் யாருக்கும் போன் பண்ணக் கூடாது. கெடு, வருகிற ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு மாலை ஏழு மணிக்கு அரண்மனையில் விளக்குப் போடுவார்கள். போடும்போது எங்கள் தெருவில் பல்புகள் ஒரு சிமிட்டுச் சிமிட்டும் என்று நாங்கள் எல்லோரும் உறுதியாக நம்பினோம். அந்தச் சிமிட்டலுக்குள் இன்டர்நெட் வந்தால் முன்னறை சித்தப்பாவுக்கு. வராவிட்டால் திங்கட்கிழமை காலை ஹனூர் பஸ். பெரியப்பாவுக்குத் தகவலும் போய்விட்டது.

முதல் நாள் ஆறு மணிக்குச் சாம்பல் கட்டம் வந்தது. சித்தப்பா சிரித்தார். இது சின்ன விஷயம், ஒயர் லூசாக இருக்கும் என்றார். மோடத்தைக் கழற்றிவிட்டுப் பழைய போனைச் செருகிக் காதில் வைத்துப் பார்த்தார். டோன் அருமையாகக் கேட்டது. என் காதிலும் வைத்தார். மறுபடி மோடத்தைச் செருகினால் டயல் டோன் இல்லை.

அந்த வாரம் முழுக்க இதேதான். போனுக்குக் கேட்கிற டோன் மோடத்துக்குக் கேட்காது. சித்தப்பா புது ஒயர் போட்டார். சுவர்ப் பெட்டியைத் திறந்து கம்பிகளைச் சுரண்டிப் பளபளப்பாக்கினார். படிப்பு சொல்லிக்கொடுத்த இடத்திலிருந்து வேறொரு மோடத்தைக் கெஞ்சி வாங்கி வந்தார், அதுவும் செவிடு. வெளிநாட்டு மோடத்துக்கு நம் நாட்டு டோன் புரியாது என்று ஒரு நாள் கண்டுபிடித்து, உள்ளே ஏதோ இடத்தில் நாட்டின் பெயரை இந்தியா என்று மாற்றினார். இந்தியாவானபின்னும் அதற்குக் கேட்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை முறை கட்டம் வந்தது என்று எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை நாற்பதைத் தொட்டபோது, "டேய், நீ எண்ணறதுலயே அது மெரண்டு போகுது" என்றார் சித்தப்பா.

மாடியறையிலும் இதே லைனில் ஒரு போன் இருந்தது. அது எடுத்தபடி கிடந்தால் மோடத்துக்கு டோன் கிடைக்காது என்பது சித்தப்பாவின் பாடத்தில் முதல் பக்கமாம். அதனால் ஒவ்வொரு முறையும் மாடிப்படிக்குக் கீழே நின்று, "அக்கா, மேல போனு சரியா வச்சிருக்குதா?" என்று குரல் கொடுப்பார். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வரும். "வச்சுத்தான் இருக்குதுப்பா. நான் யாருக்கும் பண்ணல." சித்தப்பாவும் சரியென்று உடனே போனைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு மோடத்திடம் திரும்பி விடுவார்.

மாடியில் இருந்தது அத்தை. அப்பாவின் தங்கை, சித்தப்பாவுக்கு மூத்தவள். இரண்டு வருடம் முன்பு ஈரோடு பக்கம் புகுந்த வீட்டிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிறகு திரும்பிப் போகவில்லை. ஏன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நான் கேட்டால் அம்மா என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவாள். விடிந்ததிலிருந்து அத்தை சமையலறையிலோ துவைக்கிற கல்லிலோ இருப்பாள். பேசவே மாட்டாள். ஒரு விடுமுறை நாளில் எண்ணிப் பார்த்தேன். பகல் முழுக்கப் பத்தொன்பது வார்த்தை. அதில் பாதி 'போதுமா' என்பது. மாடியறை அவளுக்கென்று பேர்தானே தவிர, மாலையில் என் பாடப் புத்தகமும் சித்தப்பாவின் ஸ்குரூ டிரைவர்களும் அங்கேதான் பரந்து கிடக்கும். கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் ஆறு மணியானால் நாங்கள் அத்தனை பேரும் கூடத்தில் குவிந்தோம். அத்தை விளக்கேற்றிவிட்டு மேலே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சித்தப்பா தலைக்குக் குளித்து, நெற்றியில் பட்டையாகத் திருநீறு பூசி, தேர்வுக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்தார். அப்பா பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்தார். அம்மா உள்ளே மிக்ஸியில் இட்லிப்பொடி அரைத்துக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்குச் சாம்பல் கட்டம். ஆறரைக்குச் சாம்பல் கட்டம். காலையில் பஸ் எத்தனை மணிக்கு என்று அப்பா பொதுவாகக் கேட்டார்.

சித்தப்பா நெற்றியைத் துடைத்தார். திருநீறு போய்விட்டது. "இதுக்குக் கேக்கலைன்னு சொல்லுதுங்கண்ணா. அப்ப என்னதான் கேக்குதுன்னு நாமளும் கேட்டுப் பாக்கலாங்களா?" என்றார். மோடத்தை எண் எதுவும் போடச் சொல்லாமல், லைனை மட்டும் திறந்து வைக்கச் சொல்லி இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டினார். ஸ்பீக்கரின் சத்தத்தை முழுசாக ஏற்றினார். ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

முதலில் அந்த 'ம்ம்ம்' கேட்டது. டோன் இருக்கிறதே என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த ரீங்காரத்தின் மேல் ஒரு பெண் குரல் மெதுவாக வந்து உட்கார்ந்தது. அதே சுருதியில் 'ஸா' என்று நீட்டி நின்று, மேலே ஏறி, ஓரிடத்தில் லேசாக நடுங்கிச் சமாளித்து, இறங்கி வந்து மறுபடி அந்த 'ம்ம்ம்'மோடு சேர்ந்துகொண்டது. வேறு யார் வீட்டு லைனோ கலந்துவிட்டது, அங்கே பாட்டு வகுப்பு நடக்கிறது என்று நான் அறிவித்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

திடீரென்று ரீங்காரம் நின்று 'பீப் பீப்' என்றது. எண் எதுவும் போடாமல் போனைப் பிடித்துக்கொண்டே இருந்தால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சு சலித்துப்போய் அப்படித்தான் செய்யும். உடனே ஸ்பீக்கரில் 'டக்' என்றொரு சத்தம். போனின் கொக்கியை அமுக்கி விடுகிற சத்தம். அதே 'டக்' மேலே மாடியிலிருந்தும் லேசாகக் கேட்டது. ரீங்காரம் திரும்ப வந்தது. குரல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. அதாவது, கோளாறு எங்கே என்று புரிந்துவிட்டது. சித்தப்பா குரல் கொடுத்தால் போனை வைத்துவிட்டுப் பதில் சொல்லி, அவர் நகர்ந்ததும் அத்தை மறுபடி எடுத்திருக்கிறாள்; பாட்டு கலந்த டோனை மோடத்துக்கு அடையாளம் தெரியவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அத்தையைப் போனைக் கீழே வைக்கச் சொன்னால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது. அப்பா என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து உட்கார வைத்தார். கண்ணை ஸ்பீக்கரிலிருந்து எடுக்கவில்லை.

சித்தப்பா எழுந்து மாடிப்படிவரை போனார். கடிகாரத்தில் ஏழுக்குப் பத்து நிமிடம் இருந்தது. வழக்கம்போல அங்கே நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும். முதல் படியில் கால் வைத்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு காலை எடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

உள்ளே மிக்ஸி நின்றது. அம்மா பொடி ஒட்டிய கையோடு வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள். "கல்யாணத்துக்கு முந்தி பாடினதுதான்" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா பதிலுக்கு, "சுருதிப் பெட்டிய அங்கேயே விட்டுட்டு வந்துட்டா" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

நாங்கள் நான்கு பேரும் ஒரு மோடத்தைச் சுற்றி இருந்தோம். கடிகார முள் நகர்கிறது, காரணம் தெரிந்துவிட்டது, சித்தப்பாவின் கடை பன்னிரண்டு படிகளுக்கு மேலே இருக்கிறது, யாரும் ஏறமாட்டேன் என்கிறார்கள். செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் 'டக்'குகளை எண்ணினேன். பதினான்காவது 'டக்' வந்தபோது பல்பு சிமிட்டியது, அல்லது சிமிட்டியதாக எனக்குத் தோன்றியது. தெருவில் பையன்கள் ஹோ என்று கத்தினார்கள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். குரல் மட்டும் நிற்கவில்லை. அது எடுத்ததை முடித்து, கடைசியாக ஒரு 'ஸா'வில் நெடுநேரம் நின்று, அடங்கியது. மேலே போன் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"இப்பப் போடு" என்றார் அப்பா.

சித்தப்பா லைனை மூடி மறுபடி திறந்தார். மோடம் டோனைக் கேட்டது. எண்ணைப் போட்டது. கீச்சென்று கத்தி, கரகரவென்று இருமி, அமைதியானது. எட்டு விளக்கில் ஆறு எரிந்தன. திரையில் ஏதோ ஒரு பக்கம் மேலிருந்து கீழாக, சீலை விரிவதுபோல மெதுவாகத் திறந்தது. நான் துள்ளினேன். சித்தப்பா துள்ளவில்லை. "ஏழு தாண்டிருச்சுங்கண்ணா" என்றார்.

அப்பா கடிகாரத்தை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். "இது கொஞ்சம் வேகமா ஓடுது" என்று சொல்லி, முள்ளைப் பின்னால் திருப்பிக் கையில் கட்டிக்கொண்டார். அப்பாவின் கடிகாரம் அதற்கு முன்பும் பின்பும் வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை.

சாப்பாட்டுக்கு அத்தை இறங்கி வந்தாள். எப்போதும்போல எல்லோருக்கும் தட்டு வைத்தாள். சித்தப்பாவைப் பார்த்து, "வந்துச்சாப்பா?" என்று கேட்டாள்.

"வந்துச்சுக்கா. ஏழு மணிக்கு மேலதான் வரும்போல. ஆறு மணிக்கு எக்ஸ்சேஞ்சுல ஒரே கூட்டம்."

"அப்ப ஆறு மணிக்குப் போட்டா வராதா?"

"வரவே வராதுக்கா."

நான் திறந்த வாயில் அம்மா ஒரு இட்லித் துண்டை வைத்தாள். பதின்மூன்று வயதுப் பையனுக்கு அம்மா ஊட்டிவிடுவது எங்கள் வீட்டு வழக்கமில்லை.

மறுவாரமே முன்னறையிலிருந்து சாக்கு மூட்டைகள் கிளம்பின. சித்தப்பாவின் கடை நன்றாக நடந்தது, மோடம் ரிப்பேருக்கு அவர் பெயரெடுத்தார். வீட்டிலோ ஏழு மணிக்குமேல்தான் இன்டர்நெட் வரும் என்பது அசைக்க முடியாத விஞ்ஞானமாயிற்று. ஆனாலும் ஆறு மணிக்கே எல்லோரும் கூடத்துக்கு வந்துவிட வேண்டும், யாரும் மாடிப்படி ஏறக் கூடாது என்று அப்பா ஒரு புதுச் சட்டம் போட்டார். காரணம் சொல்லவில்லை. நான் முனகிக்கொண்டே கூடத்தில் பாடம் படித்தேன்.

அடுத்த வருடம் அப்பா அலைந்து திரிந்து இரண்டாவதாக ஒரு போன் லைன் வாங்கினார். கடைக்குத்தான் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார். ஆனால் பழைய லைன் கடைக்குப் போயிற்று, புது லைன் மாடியறைக்குப் போயிற்று. அந்தப் புது எண்ணை அப்பா யாருக்கும் கொடுக்கவில்லை. அது ஒரு நாளும் மணியடிக்கவில்லை. வீட்டுக்கு வரும் பில்களைப் பார்த்து எத்தனை கால் ஆகியிருக்கிறது என்று கூட்டிச் சொல்வது அதற்குள் என் வேலையாகியிருந்தது. ஒவ்வொரு முறையும் மாடி போனுக்குப் பூஜ்யம். மூன்றாவது பூஜ்யத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. இதில் ஒரு கால்கூடப் போகவில்லை, ஒரு கால்கூட வரவில்லை, எடுத்துவிடச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் பில்லை நீட்டினேன்.

அப்பா அதை வாங்கிப் பார்க்கவேயில்லை. மாடிப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, "இரலி பிடு" என்றார். இருக்கட்டும் விடு என்பதை, மேற்கொண்டு பேச்சு வேண்டாம் என்றால், அவர் கன்னடத்தில்தான் சொல்வார்.

பாவம், அப்பாவுக்குக் கணக்கு வராது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.