எட்டுக் கிலோ கூடுதல்

போன வருடம் ஓணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தொடங்கிய சங்கதி இது. சாந்தன்பாறைக்கு மேலே, தோட்டத்துக் காயை உலர்த்தும் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் நான் வேலை பார்க்கிறேன். உலர்ந்து வரும் காயைத் தரம் பிரிக்கும் வேலை. காலை முதல் மாலை வரை உட்கார்ந்தபடியே செய்ய வேண்டும். என் வீட்டுக்காரர் முக்கில் தட்டுக்கடை வைத்திருக்கிறார். பொரோட்டா, கப்பைக்கிழங்கு, மீன்குழம்பு, சாயங்காலமானால் பழம்பொரி. நேந்திரம்பழத்தை நீளமாகச் சீவி மாவில் முக்கி அவர் எண்ணெயில் விடும்போது, ஜீப்பில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி இறங்குவார்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலை, கைமணக்காரப் புருஷன். இரண்டும் சேர்ந்தால் ஒரு பெண்ணின் எடை என்னவாகும்? எனக்குத் தொண்ணூற்றிரண்டு கிலோ ஆகியிருந்தது.

இந்த எண்ணை இன்றைக்குச் சாதாரணமாக எழுதிவிட்டேன். அப்போதெல்லாம் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். ஜீப்பில் ஏறினால் டிரைவர், "அக்கா, நீங்க நடுவுல உக்காருங்க, வண்டி ஒருபக்கமா இழுக்குது" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்போது பின்வரிசைக்கு நழுவிவிடுவேன். மெலிய வேண்டும் என்று எத்தனையோ திங்கட்கிழமைகளில் தொடங்கியிருக்கிறேன். எதுவும் செவ்வாய்க்கிழமையைத் தாண்டியதில்லை.

அப்படிப்பட்ட என்னைத் தேடிக் கங்காணி அக்கா வந்தார். எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர் அவர். ஒடிசலான உடம்பு, மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும் குரல். ஓணத்துக்கு இங்கே ஊருக்கு ஊர் வடம்வலி நடக்கும். கயிறு இழுக்கும் போட்டிதான். அதுவரை ஆண்களுக்கு மட்டும் நடத்திய கிளப்காரர்கள், இந்த முறை பெண்களுக்கும் உண்டு என்று அறிவித்திருந்தார்கள். முதல் பரிசு ஒரு கிடா.

"கடைசியா நிக்கிற ஆளு கயித்த ஒடம்புல சுத்திக்கிட்டு அசையாம நிக்கணும். அதுக்கு ஒன்னைய விட்டா இந்த ஸ்டோர்ல ஆளு இல்லத்தா" என்றார்.

என் உடம்பு வேண்டுமென்று ஒருவர் கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை. சரி என்று நான் சொல்லி முடிப்பதற்குள் என் மனசு மைதானத்துக்குப் போய்விட்டது.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு குறைவு. ஏழு பேரின் மொத்த எடை நானூறு கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று விதி இருப்பது பிறகுதான் தெரிந்தது. ஸ்டோரில் மூட்டை நிறுக்கும் தராசில் ஒவ்வொருவராக ஏறினோம். கணக்குப்பிள்ளை உரக்கப் படித்துக்கொண்டே வந்தார். நான் ஏறியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அது நல்ல மனசுதான், ஆனால் அந்தத் தாழ்ந்த குரல்தான் எல்லார் காதிலும் விழுந்தது. கூட்டிப் பார்த்தால் எட்டுக் கிலோ கூடுதல்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஒருத்தி கூரையைப் பார்த்தாள், ஒருத்தி தன் நகத்தைப் பார்த்தாள். "ஆளுக்கு ஒண்ணேகால் கிலோ கொறச்சாப் போதும், என்ன இப்ப" என்று கங்காணி அக்கா சமாளித்தார். அக்காவையும் சேர்த்து மற்ற ஆறு பேரும் தோட்டச் சரிவில் ஏறி இறங்குகிறவர்கள். அந்த உடம்புகளில் குறைக்க என்ன இருக்கிறது? அதிலும் புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த பெண் ஒருத்தி, பலத்த காற்றடித்தால் பிடித்துக்கொள்ள வேண்டிய அளவில் இருந்தாள். "எட்டையும் நானே கொறச்சுக்கிறேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. என்னைக் கேட்டுக்கொண்டு சொல்லவில்லை.

மறுநாளே ஆரம்பித்தேன். காலையில் பயறு போட்ட கஞ்சி, மதியம் இரண்டு சப்பாத்தி, இரவு கொள்ளு ரசம். பதினோரு மணிக்கெல்லாம் முறத்தில் கிடக்கும் ஏலக்காயைப் பார்த்தால் பாயசம் தெரிந்தது. என் நாத்தனார் போனில் சீரகத் தண்ணீர் என்றாள். பக்கத்து வீட்டில் தேனும் எலுமிச்சையும் என்றார்கள். இன்னொருத்தி, பொழுது சாய்ந்தபின் எதுவும் தொடாதே என்றாள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து பார்த்தேன். பசி கூடியதுதான் மிச்சம்.

காலையில் நடந்தால் எடை குறையும் என்று கிளம்பினேன். ஒரு நாள் வளைவில் திரும்பினால் யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தது. சாணத்தில் ஆவி பறந்தால் யானை எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று இந்தப் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். நான் அவ்வளவு வேகமாக ஓடுவேன் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. அதன்பிறகு நடையெல்லாம் ஸ்டோர் வளாகத்துக்குள்ளேதான். வாட்ச்மேனின் நாய் சில நாள் கூடவே சுற்றியது. பிறகு அலுத்துப்போய்ப் படுத்துக்கொண்டது.

இவை எல்லாவற்றையும் தாங்கிவிட்டேன். என் வீட்டுக்காரரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தட்டில் ஒரு பழம்பொரியை வைத்துக்கொண்டு வந்து நிற்பார். "ஒண்ணே ஒண்ணு. வாயில வச்சாக் கரஞ்சிரும், எடையே இருக்காது" என்பார். வேண்டாம் என்றால் தட்டோடு திரும்பிப் போவார். வாய் திறந்து அன்பாக ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனிதர். இருபது வருடமாக எல்லாவற்றையும் சட்டியில் போட்டுத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் முதுகைப் பார்க்கும்போது, பசியைவிட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஆடி மழை கொட்டிய ஒரு சாயங்காலம், கப்பையை மசித்து மத்திமீன் குழம்பும் வைத்திருந்தார். நான் தோற்றுப்போனேன். ஒரு தட்டு தின்றேன், இன்னொரு தட்டும் வாங்கினேன். அந்த வாரம் தராசு அசையவே இல்லை. கங்காணி அக்கா திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றேன். "மழைக்காலம்த்தா, வயிறு கேக்கத்தான் செய்யும்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் கோபத்தில் இன்னொரு தட்டு தின்றிருப்பேன். அப்படிச் சொன்னதால் ரோஷம் வந்தது.

அன்றிலிருந்து பயிற்சி முடிந்ததும் கடைப் பக்கமே போவதில்லை. மேல்பாதை வழியாக நேரே வீட்டுக்குப் போய்விடுவேன். மற்ற ஆறு பேருக்கும் லயத்து வீடுகளுக்குப் போகிற வழி கடை முக்கு வழியாகத்தான்.

பயிற்சி கொடுத்தவர், ஜீப்பில் என்னை நடுவில் உட்காரச் சொல்கிற அதே டிரைவர். ஆண்கள் அணியில் இழுத்துப் பழகியவர். முதலில் பலாமரத்தில் கயிற்றைக் கட்டி இழுக்க வைத்தார். குதிகாலை மண்ணில் ஊன்று, உடம்பைப் பின்னால் சாய், கையால் இழுக்காதே, காலால் இழு என்று படித்துப் படித்துச் சொன்னார். பிறகு ஒரு நாள் தன் ஜீப்பையே கட்டி, பிரேக்கைப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டார். நாங்கள் இழுத்தோம். சேற்றில் டயர் வழுக்கி வண்டி எங்கள் பக்கம் வந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அன்றைக்கு எங்கள் ஏழு பேருக்கும் ஒரு வெறியே பிடித்துவிட்டது.

என் துணிமணி தளர்ந்தது. படி ஏறினால் இரைப்பு வரவில்லை. ஓணத்துக்கு முந்தின நாள் ஸ்டோர் தராசில் ஏறினேன், எண்பத்து நாலு. கணக்குப்பிள்ளை இந்த முறை குரலைத் தாழ்த்தவில்லை, கத்தியே சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள்.

மறுநாள் மைதானத்தில் கால்வைக்க இடமில்லை. மைக்கும் செண்டையும் ஒரே சத்தம். பெரிய இரும்புத் தராசு ஒன்றை வைத்திருந்தார்கள். ஏழு பேரும் ஒன்றாக ஏறி, விழுந்துவிடாமல் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றோம். கிளப்காரப் பையன் குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான்.

"மூணு கிலோ கூடுதலாணு சேச்சி."

நான் எண்பத்து நாலுதான், ஸ்டோரில் பார்த்தோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பையன் தனித்தனியாக ஏறச் சொன்னான். முதலில் நான். எண்பத்து நாலுதான். பிறகு ஒவ்வொருவராக ஏறினார்கள். ஒருத்திக்கு அரைக் கிலோ கூடுதல், ஒருத்திக்கு முக்கால். காற்றடித்தால் பறக்கிற அந்தப் புதுப்பெண்ணுக்குக்கூட ஏறியிருந்தது. வாராவாரம் என்னைத்தான் தராசில் ஏற்றி இறக்கினோமே தவிர, அவர்களை யாரும் நிறுத்துப் பார்க்கவே இல்லை.

புதுப்பெண்தான் வாயைத் திறந்தாள். "மதினி, கோவிச்சுக்காதீங்க. நாங்க கடை வழியாப் போகயில அண்ணே தெனமும் கூப்பிட்டுப் பழம்பொரி குடுத்தாரு. ஒங்களுக்குன்னு போட்டதாம். வீணாப் போகுதேன்னு தின்னுட்டோம்."

கங்காணி அக்காவின் பெரிய குரல் அன்றுதான் சிறியதாக வந்தது. "நான் சக்கரை இல்லாமத்தான் டீ குடிச்சேன்."

எனக்குக் கோபம் எழும்பி வந்தது. இரண்டு மாதப் பட்டினி. அத்தனை கொள்ளு ரசம். கத்தப்போனவள் அவர்களைப் பார்த்தேன். தராசைச் சுற்றி ஆறு பேரும் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறார்கள். அந்த இடத்தில் தலை நிமிர்ந்து நிற்பவள் நான் ஒருத்திதான். வாழ்க்கையில் எந்தத் தராசுக்குப் பக்கத்திலும் எனக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான் சிரிக்க, அவர்களும் சிரிக்க, கிளப்காரப் பையன் மட்டும் ஒன்றும் புரியாமல் முழித்தான்.

ஆண்களின் முதல் சுற்று முடிவதற்குள் எடையைக் குறைத்து வந்தால் மறுபடி நிறுக்கிறேன் என்று அவன் இறங்கி வந்தான். ஸ்வெட்டரைக் கழற்றினோம். செயின், கம்மல், ஹேர்கிளிப் எல்லாம் ஒரு பையில் போனது. மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தோம். என்னை உட்காரச் சொன்னார்கள். ஏழு பேருக்கும் சேர்த்துத்தானே எடை, நானும் ஓடினேன். மைக்கில் இருந்தவர், மகளிர் அணி எதற்கோ ஓடிக்கொண்டிருக்கிறது, காரணம் தெரியவில்லை என்று மலையாளத்தில் அறிவித்தார். கூட்டம் எங்களுக்குக் கைதட்டியது. பாதி வழியில் பார்த்தால் என் வீட்டுக்காரரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடி வருகிறார்.

"நீ எதுக்குய்யா ஓடுற?" என்று கங்காணி அக்கா கேட்டார்.

"நாந்தான காரணம்" என்றார் அவர், மூச்சு வாங்கியபடி.

திரும்பத் தராசில் ஏறினோம். எண்கள் ஆடி ஆடி நின்றன. இன்னும் கால் கிலோ இருந்தது. கங்காணி அக்கா கைவளையல்களைச் சோப்புப் போட்டு உருவினார். புதுப்பெண் கழிப்பறைக்கு ஓடிப்போய்விட்டு வந்தாள். மறுபடி கட்டிப் பிடித்து நின்றோம். மூச்சை இழுத்துப் பிடித்தால் எடை குறையும் என்று யாரோ சொல்ல, ஏழு பேரும் பிடித்தோம். பையன் குனிந்து பார்த்தான். கட்டைவிரலை உயர்த்தினான்.

அதற்கப்புறம் எதிரில் வந்து நின்றவர்கள் யார் என்றே எங்களுக்குத் தெரியவில்லை. அரையிறுதியில் ஒரே மூச்சில் இழுத்துத் தள்ளினோம். இறுதிப் போட்டியில் கீழ்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் பெண்கள் வந்தார்கள். முதல் இழுப்பு எங்களுக்கு. இரண்டாவதில் என் கால் வழுக்கியது, அவர்களுக்குப் போனது. மூன்றாவதில் கயிறு இரண்டு பக்கமும் நகரவில்லை. உள்ளங்கை எரிந்தது. தூறல் விழுந்தது. எனக்கு முன்னால் நின்ற கங்காணி அக்கா முட்டி மடங்கிச் சாய, மொத்தப் பாரமும் என் இடுப்புக்கு வந்தது. குதிகாலை ஊன்றி, உடம்பை மண்ணோடு சாய்த்து, மிச்சமிருந்த எண்பத்து நாலு கிலோவையும் அந்தக் கயிற்றில் வைத்தேன். அக்கா எழுந்து பிடிக்கும்வரை ஓர் அங்குலம் விடவில்லை. பிறகு டிரைவர் குரல் கொடுத்தார், ஒன்றாகச் சாய்ந்தோம், எதிர்ப்பக்கம் அப்படியே சரிந்து வந்தது. விசில் சத்தம் கேட்டும் நான் கயிற்றை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தேனாம். வீட்டுக்காரர் ஓடிவந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

கிடா அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழம்பானது. அவர்தான் சமைத்தார். ஏழு பேரும் வரிசையாக இலை போட்டு உட்கார்ந்தோம். இரண்டு மாதம் கழித்து நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். யார் இலையையும் யாரும் பார்க்கவில்லை.

எட்டில் மூன்று கிலோ திரும்பி வந்துவிட்டது, அதை மறைக்கப் போவதில்லை. இந்த வருடமும் போட்டி உண்டு, ஆகவே வாராவாரம் ஏழு பேரும் வரிசையில் நின்று தராசில் ஏறுகிறோம், எண்ணை உரக்கச் சொல்லிச் சிரித்துக்கொள்கிறோம். இத்தனை வருடமும் இந்த உடம்பின் கனத்தை நான் தனியாளாகவே சுமந்து திரிந்தேன் என்பதும், கூடப் பிடிக்க ஆறு பேர் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தார்கள் என்பதும், கயிற்றைப் பிடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.