எட்டு செட் ஸ்பீக்கரும் அம்பிகாவின் காதும்

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் சமீருல்லாவின் கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. அங்கே விற்கிற எந்த ஸ்பீக்கரும் அம்பிகாவின் காதைத் தாண்டாமல் வாசலைத் தாண்டாது. பதினோரு வருஷமாக அதுதான் வழக்கம்.

பெட்டியைப் பிரிப்பாள், வயர்களை மாட்டுவாள், மூன்று சோதனை வைப்பாள். முதலில் ஒரு பாட்டு. அதில் குரல் நடுவில் நிற்க வேண்டும், தவில் வரும் இடத்தில் ஊஃபரில் சத்தம் உடையக் கூடாது. அடுத்து ஒரு சினிமாக் காட்சி. வெடி வெடித்து அதிர்ந்து அடங்கிய கையோடு ஒருத்தி கிசுகிசுப்பாள். அந்தக் கிசுகிசு ஒரு எழுத்து விடாமல் கேட்க வேண்டும். கடைசியாக விளையாட்டு. இருட்டுக் கட்டடத்துக்குள் துப்பாக்கியோடு ஒருவன் நடப்பான். காலடிச் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கம்தான் எதிரி வர வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் பெட்டியின் மேல் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, ‘அ’ என்று எழுதிவிடுவாள்.

ஒரு நாளைக்கு இருபது செட், பண்டிகை சமயத்தில் நாற்பது. அந்தப் பாட்டு ஒரு காலத்தில் அவளுக்குப் பிடித்த பாட்டு. இப்போது அதில் ராகமும் இல்லை, வரியும் இல்லை. இந்த இடத்தில் இடது பக்கம், அந்த இடத்தில் வலது பக்கம் என்று வெறும் கணக்காகிவிட்டது. வீட்டுக்குப் போனால் டிவியை அணைக்கச் சொல்வாள். கணவன் பாண்டியன் ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை பார்க்கிறவன். அவனும் களைத்து வருகிறவன்தான் என்பதால் மறுபேச்சில்லாமல் அணைத்துவிடுவான். வீடு ஆம்பூரில். ஏழரை மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் கடை திறக்க வந்து சேர முடியும். பஸ்ஸில் சீட்டு கிடைத்தால் பள்ளிகொண்டா வரைக்கும் தூங்குவாள். கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்குவாள்.

அவளும் முன்பு ஷூ கம்பெனியில்தான் இருந்தாள். ஒன்பது வருஷம், சோல் ஒட்டி அழுத்துகிற மெஷினுக்குப் பக்கத்து மேசை. வேலை முடிந்து சாயங்கால வகுப்பில் கம்ப்யூட்டர் படித்து, ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் கற்றுக்கொண்டு, இந்தக் கடைக்கு வந்து சேர்ந்தபோது, உட்கார்ந்து பாட்டுக் கேட்பதற்குச் சம்பளமா என்று கூட வேலை செய்தவர்கள் பொறாமைப்பட்டார்கள்.

போன ஆடி மாதம் ஹேமந்த் என்று ஒருவர் கடைக்கு வந்தார். பெங்களூரில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, ஆம்பூரில் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கென்று ஒரு சென்டர் திறக்கிறவர். எட்டு கம்ப்யூட்டருக்கு எட்டு செட் ஸ்பீக்கர் எடுத்தார். ஒரே மதியத்தில் எட்டையும் சோதித்து, எட்டு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பி வைத்தாள் அம்பிகா.

ஒன்பதாம் நாள் ஒரு செட்டை பைக்கில் கட்டிக்கொண்டு அவர் திரும்பி வந்தார்.

“அக்கா, எட்டுலயும் கீச்சுனு ஒரு சத்தம் வருது. விளையாட வர்றவங்க அரை மணி நேரத்துல தலை வலிக்குதுன்னு எழுந்து போய்ட்றாங்க.”

அம்பிகா மாட்டிப் பார்த்தாள். பாட்டு வைக்காமல் சும்மா ஆன் செய்து, குனிந்து, கூம்புக்கு அருகே காதைக் கொண்டுபோனாள். ஒன்றும் இல்லை.

“இன்னா சார், சுத்தமா இருக்குதே.”

“இப்பகூட வருதுக்கா. கொசு காதுக்குள்ள பூந்த மாதிரி. உங்களுக்குக் கேக்கலியா?”

இந்த மாதிரி ஆட்களை அவள் நிறையப் பார்த்தாயிற்று. பத்து நாள் ஓட்டிவிட்டு, வேறு மாடல் மேல் ஆசை வந்ததும் குறை சொல்லிக்கொண்டு வருகிறவர்கள். காலையிலிருந்து அது பதினேழாவது செட். அவளுக்குள் இருந்த அலுப்பெல்லாம் கோபமாகத் திரண்டு வந்தது.

“பதினோரு வருஷமா எனக்கு இதான் வேலை சார். என் காதுக்கு வராத சத்தம் உங்க காதுக்கு மட்டும் எப்டி வரும்? உங்க சென்டர்ல ஏசி சத்தமோ இன்னாவோ. அதைக் கொண்டாந்து ஸ்பீக்கர் தலைல கட்டாதீங்க.”

ஹேமந்தின் முகம் சுண்டிப்போனது. பில் போடுகிற நிஷா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஏதோ சொல்ல வந்து, குனிந்துகொண்டாள். அந்த நேரம் பார்த்து, சாப்பிடப் போயிருந்த சமீருல்லா உள்ளே நுழைந்தார். இங்கே நடந்த வாக்குவாதம் எதுவும் அவருக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றும்போதே முகத்தைச் சுளித்தார்.

“இன்னா அது, கீச்சு கீச்சுனு? எந்த அடாப்டர் கத்துது?”

அம்பிகா கையை நீட்டி ஸ்பீக்கரின் அடாப்டரை பிளக்கிலிருந்து பிடுங்கினாள்.

“நின்னுடுச்சு,” என்றாள் நிஷா.

மூன்று பேருடைய முகமும் ஒரே நொடியில் தளர்ந்ததை அம்பிகா பார்த்தாள். அவளுக்கோ, பிடுங்குவதற்கு முன்னால் இருந்த அமைதியும் பின்னால் இருந்த அமைதியும் ஒன்றாகவே இருந்தன. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“தப்பு என்னுதுதான் சார்,” என்றாள் ஹேமந்திடம். “உங்களைப் பேசினதுக்கு மனசுல வெச்சுக்காதீங்க. நாளைக்குக் காலைல நானே சென்டருக்கு வர்றேன். எட்டுக்கும் அடாப்டர் மாத்திக் குடுத்துட்றேன்.”

மறுநாள் வேலூர் பஸ் ஏறாமல், வேறு கம்பெனி அடாப்டர்கள் பத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். ஒரு பிரியாணிக் கடைக்கு மாடியில் இருந்தது சென்டர். காலையிலேயே கீழே மசாலா வதங்கும் வாசனை மேலே வந்துகொண்டிருந்தது. அவள் மேசைக்கு அடியில் உட்கார்ந்து அடாப்டரை மாட்டுவாள். ஹேமந்த் நாற்காலியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்.

“இருக்குதா?”

“இல்லக்கா.”

“நல்லா கேளுங்க.”

“சுத்தமா இல்லக்கா.”

ஐந்தாவது கம்ப்யூட்டரில் புது அடாப்டரும் கீச்சிடுவதாகச் சொன்னார். அதைக் கழற்றி வேறொன்று போட்டாள். தன் வேலையை இன்னொருவர் காதால் செய்வது என்னவோபோல் இருந்தது. எட்டும் முடியப் பதினோரு மணி ஆகிவிட்டது. ஹேமந்த் டீ வரவழைத்தார்.

“நிஜமாவே கேக்கலியாக்கா உங்களுக்கு?”

“கேக்கல.”

“எப்பலருந்து?”

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. எத்தனை பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினோம், அதில் எத்தனை இப்படிக் கத்திக்கொண்டிருக்கும் என்று நினைத்தபோது டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள்.

“எங்கப்பா தோல் ஷெட்ல தோல் கழுவுற டிரம் மெஷின் ஓட்டுனவரு,” என்றார் ஹேமந்த். “டிவிய ஃபுல்லா வெப்பாரு. நாங்க எல்லாம் திட்டிக்கினே இருப்போம். அவருக்குக் காது கம்மின்னு ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது.”

காதைக் காட்டுவதை அன்றிலிருந்து மூன்று வாரம் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். பிறகு பாண்டியன் ஒரு நாள் லீவு போட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வேலூரில் ஒரு காது டாக்டரிடம் போனான். பஞ்சு வைத்துத் தைத்த சுவர், கனமான கதவு, சின்ன அறை. ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்தச் சொன்னார்கள். முதலில் கனமான சத்தங்கள் வந்தன, அழுத்தினாள். போகப்போகக் கீச்சென்ற மெல்லிய சத்தங்கள். பிறகு எதுவும் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்துக் கண்ணாடி வழியே பார்த்தாள். அந்தப் பக்கம் இருந்த பெண் இன்னும் எதையோ திருகிக்கொண்டும் குறித்துக்கொண்டும் இருந்தாள். சும்மா ஒரு தடவை அழுத்திவிடலாமா என்று தோன்றியது. அழுத்தவில்லை.

டாக்டர் தாளைத் திருப்பிக் காட்டினார். கோடு ஓரளவு நேராக வந்து, கீச்சுச் சத்தங்கள் வரும் கடைசியில் படிக்கட்டிலிருந்து தவறியதுபோல விழுந்திருந்தது. வலது காதில் கொஞ்சம், இடது காதில் நிறைய.

“ஷூ கம்பெனி மெஷினாலயா, ஸ்பீக்கராலயா டாக்டர்?” என்று கேட்டாள்.

“அதை இந்தப் பேப்பர் சொல்லாதும்மா. ரெண்டுமா இருக்கலாம். போனது திரும்பி வராது. இருக்கறதைக் காப்பாத்திக்குங்க.”

பஸ்ஸில் பாண்டியன் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசினான். “கத்தாதீங்க, நீங்க பேசறது நல்லாவே கேக்குது,” என்றாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் கடையில் யாரும் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள். “பாய், இனிமே நான் ஸ்பீக்கர் செக் பண்ணக் கூடாது. பண்ணா கடைக்குத்தான் நஷ்டம்.”

சமீருல்லா தாளை வாங்கிப் பார்த்தார். புரிந்ததோ இல்லையோ, ரொம்ப நேரம் பார்த்தார். “காது போனா இன்னாம்மா, கை இருக்குதில்ல? சர்வீஸ் டேபிள்ல உக்காரு. உன்ன மாதிரி சால்டரிங் இந்தச் சந்துல யாருக்கு வரும்?” என்றார். சற்றுப் பொறுத்துக் குரலைத் தாழ்த்தினார். “ஆனா வெளிய யார்கிட்டயும் சொல்லாத. கடை பேரு பேஜாராய்டும்.”

முதல் பேச்சில் வந்த நிம்மதி இரண்டாவது பேச்சில் பாதியாகக் குறைந்தது.

“நானா போய்ச் சொல்ல மாட்டேன் பாய். யாராச்சும் கேட்டா மறைக்க மாட்டேன்.”

அன்று மத்தியானமே கீச்சிட்ட அந்த மாடல் அடாப்டர் எந்தெந்த செட்டோடு போயிருக்கிறது என்று பில்களைப் புரட்டிப் பார்த்தாள். இன்னும் பதினாலு பேர். ஒவ்வொருவருக்காகப் போன் போட்டாள். ஆறு பேர் சத்தம் வருகிறது என்றார்கள். அதில் பேரணாம்பட்டுக்காரர் ஒருவர், “ஸ்பீக்கர்னா அப்டித்தான் போலன்னு இருந்துட்டேம்மா,” என்றார். ஆறு பேருக்கும் அடாப்டர் மாற்றிக் கொடுக்கும்வரை சமீருல்லா முணுமுணுத்துக்கொண்டேதான் இருந்தார். ஆனால் தடுக்கவில்லை.

இப்போது நிஷாதான் ஸ்பீக்கர் சோதிக்கிறாள். அம்பிகா சுவர்ப் பக்கம் விளக்கு போட்ட மேசையில் பழைய போர்டுகளோடு உட்கார்ந்திருக்கிறாள். வேலை கம்மியாகவில்லை; கழுத்து வலிதான் ஜாஸ்தியானது. அந்தப் பாட்டு அங்கேயும் கேட்கிறது, ஆனால் இனிமேல் அதை அவள் கவனிக்க வேண்டியதில்லை. சில சமயம் கை தானாக நின்று, தவில் வரும் இடத்துக்காகக் காத்திருக்கும். உடனே தன்னைத் திட்டிக்கொண்டு சால்டரிங் இரும்பை எடுப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் தெருவில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. காலையிலிருந்து கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டுப் பாயைப் போட்டு இப்படியும் அப்படியும் புரண்டாள். வலது காதைத் தலையணையில் அழுத்தி, இடது காது மேலே இருக்கப் படுத்தபோது சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. எழுந்து சரி பார்த்தாள். மறுபடி படுத்தாள். ஆமாம், போய்விடுகிறது.

பாண்டியன் வாசல்படியில் நின்று எதையோ சொன்னான். வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

“எதுவா இருந்தாலும் அப்புறம் சொல்லுங்க,” என்றாள். “எழுப்பாதீங்க.”

நாலு மணி வரைக்கும் தூங்கினாள்.