பச்சைப் பொட்டு வைத்த ஆட்டங்கள்

கடையின் மாடியில் விளையாட்டுப் பெட்டிகள் அடுக்கியிருக்கும் பக்கத்துக்கு யார் வந்தாலும் பச்சைப்பொட்டக்கா முதலில் ஒரே கேள்விதான் கேட்பாள். எத்தனை பேர், என்ன வயது என்பதெல்லாம் அப்புறம்.

"உங்க வீட்டுல தோத்தா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிறது யாரு?"

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அந்தப் பார்வையிலேயே அவளுக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். தோற்றால் பலகையைக் கவிழ்க்கிற அப்பா இருக்கும் வீட்டுக்கு, எல்லோரும் ஒரே கட்சியாகச் சேர்ந்து ஆடுகிற பெட்டியை எடுத்துக் கொடுப்பாள். ஓரிடத்தில் உட்காராத பிள்ளைகள் என்றால், ஒரே மாதிரிப் படம் வந்ததும் சீட்டின் மேல் பட்டென்று அடிக்கிற ஆட்டம். பெட்டியின் மேல் 'இரண்டு பேர் முதல்' என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம் என்பாள். இரண்டு பேர் ஆடினால் உப்புச் சப்பில்லாமல் இருக்கும், நாலு பேர் உட்கார்ந்தால்தான் சூடு பிடிக்கும் என்று விளக்குவாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் இறங்கி வர மாட்டாள். "சின்னவன ஒப்புக்குச் சப்பாணியா சேத்துக்கிறோம்" என்று யாராவது சொன்னால், கையில் எடுத்த பெட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவாள். ஒப்புக்குச் சப்பாணி என்றால் ஆட்டத்தில் இருப்பான், கணக்கில் இருக்க மாட்டான். தோற்றாலும் தோல்வி இல்லை, ஜெயித்தாலும் சும்மா. அவனும் நிஜமாகவே ஜெயிக்கக்கூடிய ஆட்டமாகப் பார்த்து எடுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் அவனுக்குத் தெரியவரும், அன்றைக்கு உங்களால் சமாதானம் சொல்ல முடியாது என்பாள்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்தது ஒரு பச்சை ஸ்டிக்கரால். அவள் வீட்டில் ஆடிப் பார்த்துப் பிடித்துப்போன பெட்டியின் மூலையில் சின்னதாக ஒரு பச்சைப் பொட்டு ஒட்டுவாள். வாடிக்கையாளர்கள் பெட்டியின் படத்தைக்கூடப் பார்க்காமல் பொட்டைப் பார்த்து வாங்கினார்கள். ஒருமுறை முதலாளி, தேங்கிக் கிடக்கும் சரக்குக்கும் நாலு பொட்டு வைத்தால் என்ன என்று நைஸாகக் கேட்டார். ஆடாத ஆட்டத்துக்குப் பொட்டு வைக்க மாட்டேன் என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். அவளுக்குப் படிப்பும் பெரிதாக இல்லை, வேறு தொழிலும் தெரியாது, அவள் சொல் ஒன்றை நம்பித்தான் அந்த வேலையே இருந்தது.

வீட்டில் அவளோடு ஆட மூன்று பேர். அச்சகத்தில் வேலை பார்க்கும் கணவன், கல்லூரிக்குப் போகும் மகள், மாமனார். சாயங்காலம் எல்லோரும் வந்து சேர்ந்ததும் கூடத்து மேசையைத் துடைத்துப் புதுப் பெட்டியைப் பிரிப்பாள். மாமனாருக்குக் கை நடுங்கும். குச்சிகளை அடுக்குகிற ஆட்டத்தில் கோபுரம் எப்போதும் அவர் கையில்தான் சரியும். அதைப் பார்த்து மனசு கேட்காமல், வயசானவர்கள் இருக்கும் வீட்டுக்கு அடுக்குகிற ஆட்டமே வேண்டாம் என்று கடையிலும் சொல்லத் தொடங்கியிருந்தாள். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு தடவையாவது அவர் "ஃபேனைக் குறைம்மா, சீட்டு பறக்குது" என்பார். கதவோரம் இருக்கும் சுவிட்சுக்கு அவள் எழுந்து போய்க் குறைத்துவிட்டு வருவாள். பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள். அலமாரியோடு குடும்பம் நடத்துகிறவளை யாரால் ஜெயிக்க முடியும் என்று கணவன் கிண்டல் செய்வான். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

அப்படிப் பொட்டு வாங்கியதுதான் பழச்சீட்டு. கையிலிருக்கும் சீட்டைக் கவிழ்த்துப் போட்டு அது என்ன பழம் என்று சொல்ல வேண்டும். ஒருவர் தொடங்கிய பழத்தையே மற்றவர்களும் சொல்ல வேண்டும், கையில் அது இல்லாவிட்டால் பொய் சொல்லலாம், அல்லது போடாமல் விட்டுவிடலாம். யாராவது "பொய்" என்று கேட்டு, அது பொய்யாகவே இருந்தால், போட்டவர் குவியல் முழுவதையும் அள்ளிக்கொள்ள வேண்டும். உண்மையாக இருந்தால் கேட்டவர் அள்ள வேண்டும். யார் கை முதலில் காலியாகிறதோ அவர் ஜெயித்தார். அவள் வீட்டில் அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிந்துவிடும் ஆட்டம். வாங்கிப் போங்கள், சட்டென்று முடியும், பிள்ளைகள் படிப்பும் கெடாது என்று நிறைய வீடுகளுக்கு அனுப்பினாள்.

முதலில் பழச்சீட்டு வாங்கிப் போயிருந்த ஒரு தையல்காரர்தான் பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்தார்.

"ஏம்மா, இது முடியுற ஆட்டமா? எங்க வீட்டுல எல்லாரும் அள்ளிக்கிட்டே இருக்கோம். யாருக்கும் கை காலியாக மாட்டேங்குது. கடைசில என் சம்சாரம் சீட்டக் கட்டிப் பரண்ல போட்டுட்டா."

விதியைத் தப்பாகப் படித்திருப்பீர்கள் என்றாள். அவர் விதித்தாளை எடுத்துப் படித்துக் காட்டினார். தப்பில்லை. அதே வாரத்தில் இன்னொரு குடும்பமும் அதையே சொன்னது. அவளுக்கு உறுத்தியது. மதியச் சாப்பாட்டு வேளையில் பில் போடும் பெண்ணையும் கிடங்கு பார்ப்பவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். மூன்று பேரும் விடாப்பிடியாக ஆடினார்கள். ஒருவர் கையில் ஒரு சீட்டு மிஞ்சும்போது மற்ற இருவரும் விடாமல் "பொய்" என்றார்கள். கடைசிச் சீட்டு சொல்ல வேண்டிய பழமாக அமையவே இல்லை, அள்ளியவர் மறுபடி முதலிலிருந்து. சாப்பாட்டு நேரம் முடிந்தது, ஆட்டம் முடியவில்லை. "எங்க வாங்கினீங்க இந்தக் கண்றாவிய?" என்று கேட்டுவிட்டுக் கிடங்குக்காரர் தன் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனார்.

எல்லோரும் ஜெயிக்கப் பார்த்தால் இது முடியாத ஆட்டம். அப்படியானால் வீட்டில் எப்படி முடிந்தது?

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பழச்சீட்டை எடுத்தாள். உட்காருவதற்கு முன்பே ஃபேனை நிறுத்தினாள். யாரும் கவனிக்கவில்லை. சீட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒரு முடிவோடு உட்கார்ந்தாள். இன்றைக்குத் தோற்க வேண்டும்.

கையில் மாம்பழமே இல்லாமல் "மாம்பழம்" என்றாள். யாரும் கேட்கவில்லை. மறுமுறையும் "மாம்பழம்". மகள் சீட்டை விசிறிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். சீட்டுக் கட்டில் மொத்தமே நாலு மாம்பழம்தான். அவள் ஐந்தாவது மாம்பழத்தை வைத்தாள். அச்சகத்தில் ஒரு எழுத்துப் பிசகினாலும் கண்டுபிடிக்கிற கணவன், "கெட்டிக்காரி, எப்பிடித்தான் உனக்கு மட்டும் வருதோ" என்றான். ஆறாவது மாம்பழம் போனது. அவள் கையில் ஒரே ஒரு சீட்டு மிஞ்சியது. மாமனார் செருமிக்கொண்டு, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"ஃபேனைக் குறைம்மா, சீட்டு பறக்குது."

மேலே ஃபேன் அசையாமல் நின்றது. மூன்று பேர் நெற்றியிலும் வியர்வை. மகள்தான் முதலில் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தாத்தாவைப் பார்த்தாள்.

"அப்போ அதுதான் சாடைச் சொல்லா?" என்று கேட்டாள் பச்சைப்பொட்டக்கா. "நான் அந்தப் பக்கம் திரும்பினதும் விட்டுக்கொடுக்கிறதுக்கு."

"சும்மா ஒரு பழக்கத்துல..." என்றார் மாமனார்.

"நீ பேசு," என்றாள் மகளிடம்.

மகள் சீட்டுகளை மேசையில் தட்டி அடுக்கினாள். "நீ ஜெயிச்சாத்தாம்மா எழுந்திருப்ப. தோத்தா இன்னொரு ஆட்டம்ப. எனக்குப் படிக்கணும், அப்பாவுக்கு மேட்ச் பாக்கணும். அதான் தாத்தா ஃபேன்னு சொன்னா முடிச்சுரலாம்னு..."

"உன் சந்தோஷத்துக்காகத்தான்," என்றான் கணவன் குறுக்கே.

"அவ சொன்னதே போதும்ங்க. நீங்க மேல பூச வேண்டாம்."

எதிலிருந்து ஆரம்பித்தது என்று கேட்டாள். பழச்சீட்டு என்றான் கணவன். அதற்கு முந்தியது என்றாள் மகள். எந்தெந்த ஆட்டம் என்று மாமனாரைக் கேட்டாள். அவர் யோசித்தார். ரயில் பாதை போடுகிற பலகை ஆட்டத்தில் இல்லை என்றார், பிறகு அதிலும் கொஞ்சம் என்றார். எதில் விட்டுக்கொடுத்தார்கள், எதில் நிஜமாகத் தோற்றார்கள் என்று அவர்களுக்கே ஞாபகம் இல்லை. மேசையோரம் இருந்த விளிம்புவரை நிறைந்த டம்ளரை மாமனார் எடுத்துக் குடித்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"கை நடுக்கம் எப்போ மாமா சரியாச்சு?"

அவர் டம்ளரை மெதுவாக வைத்தார்.

"ஊருக்கெல்லாம் ஒப்புக்குச் சப்பாணி வைக்காதீங்கன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எங்க வீட்டுல நான்தானா அது?"

மறுநாள் கடை திறந்ததும் அலமாரி முன்னால் ஸ்டூலைப் போட்டு நகத்தால் பொட்டுகளைச் சுரண்டத் தொடங்கினாள். சில பொட்டுகள் பெட்டியின் வண்ணத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வந்தன. முதலாளி மேலே வந்து, சரக்கு போவதே அதனால்தான், பைத்தியமா உனக்கு என்று சத்தம் போட்டார். இதெல்லாம் ஆடாத ஆட்டம் முதலாளி என்று மட்டும் சொன்னாள். அவருக்குப் புரியவில்லை, கோபமாக இறங்கிப் போனார்.

தையல்காரரின் மனைவி பழச்சீட்டுக்குப் பதிலாக வேறு ஏதாவது கேட்டு வந்தாள். எங்க வீட்டுல மூஞ்சியத் தூக்குறது நான்தான் என்று அவளே சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். பச்சைப்பொட்டக்காவின் கை வழக்கமாகப் போகும் தட்டுக்குப் போய் நின்றுவிட்டது. இது நல்லது என்று எதை வைத்துச் சொல்வது?

"எனக்குத் தெரியலம்மா," என்றாள். "ரெண்டு பெட்டி எடுத்துட்டுப் போங்க. உங்க வீட்டுல எல்லாரும் நெஜமா சண்டை போட்டு ஆடிட்டு, எது நல்லாருந்துச்சுன்னு வந்து எனக்குச் சொல்லுங்க."

அந்தம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது மேசை துடைத்திருந்தது. ரயில் பலகையை விரித்துக் காய்களை நிறம்வாரியாக அடுக்கி மூன்று பேரும் காத்திருந்தார்கள். இன்றைக்கு நிஜ ஆட்டம், தயவு தாட்சண்யம் கிடையாது என்றான் கணவன். அவள் பையை மாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

விளையாடினார்கள். மாமனார் அவளுடைய பாதையைக் குறுக்கே வெட்டினார். மகள் அவள் கண்ணில் பட வேண்டும் என்பதுபோல் யோசித்து யோசித்துக் காயை வைத்தாள். கடைசியில் மகள் ஜெயித்தாள், கையைத் தூக்கி "ஏய்" என்று கத்தினாள். அவள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமான முகம்தான். தோற்றபோதெல்லாம் வாடிய முகமும் இதேபோல் அச்சு அசலாகத்தான் இருந்தது. இன்றைக்கு அவளைத் தோற்க வைக்க வேண்டும் என்று மத்தியானமே பேசி வைத்திருக்கலாம். அவள் வருவதற்கு முன்னால் ஒரு புதுச் சொல்லும் வைத்திருக்கலாம்.

"பாத்தியாம்மா, தோத்துட்ட," என்றாள் மகள், ஆவலாக. "இன்னொரு ஆட்டம் போடலாமா?"

அவள் எழுந்தாள். கதவோரம் போய், யாரும் கேட்காமலே, ஃபேனைக் குறைத்தாள்.