ஆறரை மணி ஜெபம்

நாசரேத்திலிருந்து தூத்துக்குடிக்கு பஸ்ஸில் போனாலே ஆத்தூர் தாண்டுவதற்குள் எலுமிச்சம்பழத்தைத் தேடுகிறவள் ஈவாஞ்சலின் டீச்சர். அவள் பாய்மரப் படகில் குடியிருக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டபோது தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பக்கத்து வீட்டு தேவமணி மட்டும் சிரிக்காமல், செடிகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வீட்டுச் சாவியைக் கேட்டாள். டீச்சர் கொடுக்கவில்லை. வெளிக்குழாயைக் காட்டிவிட்டு, சாவிக்கொத்தைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வீட்டைக் கட்டிய நாளிலிருந்து அவள் அதை யாரிடமும் கொடுத்ததில்லை.

கொடுப்பதற்கு வீட்டில் ஆளும் இருந்ததில்லை. அவள் கணவர் நேசக்குமார் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அவர் எந்தச் சமுத்திரத்தில் இருக்கிறார் என்பதை, பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிற அவளே வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மகளைப் பெற்றது, வளர்த்தது, வீட்டைக் கட்டியது, மகளைக் கட்டிக்கொடுத்தது எல்லாம் பெரும்பாலும் தனி ஆளாகத்தான்.

ஆனால் ஒன்றை மட்டும் இருவரும் சேர்ந்தே செய்தார்கள். கல்யாணமான புதிதில் பேசி வைத்துக்கொண்டது அது. நம் ஊர் நேரம் சாயங்காலம் ஆறரைக்கு, யார் எங்கே இருந்தாலும் கண்ணை மூடி ஜெபம் பண்ண வேண்டும். பசிபிக்கின் நடுவில் அந்நேரம் விடிந்தே இருக்காது. அவர் அலாரம் வைத்து எழுந்துவிடுவார். இங்கே அவள் முன்னறையில் அவருடைய நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டுக் கண்ணை மூடுவாள். சொல்லப்போனால் அவர்கள் குடும்பம் நடத்தியதில் பாதி அந்தக் கால் மணி நேரம்தான்.

ஓய்வு பெற்று வந்த மனிதருக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. கொச்சியில் ஒருவரிடமிருந்து பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கித் தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் கொண்டுவந்து கட்டினார். உள்ளே இரண்டு பேர் படுக்க இடம், ஓர் அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி. மழைக்காலம் முடிந்ததும் கிளம்பி, குமரியைச் சுற்றி, லட்சத்தீவு, அதற்கப்பால் என்று வருஷக்கணக்கில் அதிலேயே வாழ வேண்டும் என்பது அவர் ஆசை.

"இத்தன வருசம் ஒன்ன விட்டுட்டுப் போனேன். இனி போனா ஒன்னயும் கூட்டிட்டுத்தான்," என்றார்.

ஒரு கோடை முழுக்க வந்து பார்ப்பதாகவும், ஒத்துவரவில்லையென்றால் படகை விற்றுவிட்டு வீட்டோடு இருக்க வேண்டும் என்றும் டீச்சர் நிபந்தனை போட்டாள். அவர் தலையாட்டினார்.

அந்தக் கோடையில்தான் ஒரு குட்டு வெளிப்பட்டது. காலமெல்லாம் கப்பலின் அடிவயிற்றில் இன்ஜினோடு மல்லுக்கட்டியவருக்குக் காற்றைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. பாயை அவர் ஒரு பக்கம் இழுத்தால் படகு மறுபக்கம் போனது. பருவக்காற்றுக்குக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டே கை தேய்ந்த டீச்சர்தான் சீக்கிரம் சுக்கானைக் கையில் எடுத்தாள். எலுமிச்சம்பழம் ரசத்துக்குப் போனது. கரையோரமாகவே வடக்கே வேம்பாறு வரை போய் வந்தார்கள். தண்ணீரைக் குவளையில் அளந்து குளித்தார்கள். உப்பேறி விறைத்த துணியையே உடுத்தினார்கள். அந்த நாட்களின் வெயில்கூட இன்றைக்கு நினைத்தால் அவளுக்கு இதமாக இருக்கிறது.

ஆனால் அப்போது மனம் ஒப்பவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் படுத்து அவர் குறட்டை விட்டார். துவையலில் உப்புக் குறைவு என்றார். அவளுக்கோ அந்தக் காலி நாற்காலியில் இல்லாத நேசக்குமார் மேல்தான் ஏக்கமாக இருந்தது. டெலிபோன் பூத்தில் காத்து நின்று, கொஞ்ச நேரம் அவர் குரலைக் கேட்டுவிட்டு, வீடு வரை தனக்குள் சிரித்துக்கொண்டே நடந்த சாயங்காலங்கள் எத்தனை. அந்த ஆளை இந்தப் படகில் எங்கே போய்த் தேடுவது? முடியாது என்று சொல்லிவிடத் தீர்மானித்தாள்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள். வழக்கமாக ஆறரைக்கு முன்பே நங்கூரம் போட்டுவிடுவார்கள். அன்று தாமதமாகி, கீழவைப்பாருக்கு வெளியே வரும்போதே ஜெப நேரம் வந்துவிட்டது. சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கண்ணை மூடினார்கள். நேசக்குமாரின் ஜெபம் கண்டம் கண்டமாகப் போகும். அவர் ஆப்பிரிக்காவின் பசியைப் போக்கிக்கொண்டிருந்தபோது காற்று திசை மாறியது. பாய் படாரென்று மறுபக்கம் போயிற்று. இருவருக்கும் அது கேட்டது. ஆனால் ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறக்கிற பழக்கம் இருவருக்குமே இல்லை. ஆமென் சொல்வதற்கும் படகு மணல்திட்டில் ஏறி உட்காருவதற்கும் சரியாக இருந்தது.

அந்தப் பக்கம் வந்த கீழவைப்பார் மீனவர் வில்பிரட் தன் வள்ளத்தில் கயிறு கட்டி இழுத்துவிட்டார். இன்னும் இருட்டக்கூட இல்லையே, எப்படி ஏறியது என்று கேட்டார். நேசக்குமார் காற்றின் மேல் பழியைப் போட்டார். பொய் சொல்ல வராத டீச்சர் நடந்ததைச் சொல்லிவிட்டாள். வில்பிரட் மரியாதையாகத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். வள்ளம் கொஞ்ச தூரம் போன பிறகு அவர் சிரித்த சிரிப்பு இன்ஜின் சத்தத்தை மீறிக் கேட்டது.

மறுநாள் திரும்பினார்கள். தூத்துக்குடித் துறைமுகத்தின் கிரேன்கள் தெரிய ஆரம்பித்தபோது நேசக்குமார், "வித்துருவோம் ஈவா. ஒன்னயக் கொண்டுபோயி கடல்ல போட்டுருவேன் போலுக்கு," என்றார்.

அவள் எதிர்பார்த்திருந்த வார்த்தைதான். ஆனாலும் கேட்டபோது சந்தோஷம் வரவில்லை. மணி ஆறரை ஆகியிருந்தது. கரைக்கு இன்னும் தூரம் இருந்தது. அவர் கண்ணை மூடத் தயங்கினார்.

"நீங்க ஜெபம் பண்ணுங்க அத்தான். நான் கண்ணத் தொறந்துக்கிட்டு சுக்கானப் பாத்துக்கிடுதேன்."

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் ஜெபிக்கிற முகத்தை அவள் பார்த்ததே இல்லை. அவ்வளவு நீளமான ஜெபத்துக்குரிய முகம், பரீட்சைக்கு வந்த பிள்ளையைப் போலப் பயந்துபோய் இருந்தது. வலது கை பக்கத்துப் பலகையில் உள்ளங்கை மேலே தெரிய விரிந்து கிடந்தது. ஜெபம் நீள நீள, எதையோ பிடித்துக்கொள்வதுபோல விரல்கள் மடங்கின. நேற்று இன்று வந்த பழக்கம் இல்லை அது என்று பார்த்ததுமே தெரிந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்ட அத்தனை சாயங்காலங்களிலும், எங்கோ ஒரு கப்பலின் சின்ன அறையில், இந்தக் கை இப்படித்தான் விரிந்து கிடந்திருக்கும். அவள் தேடிய ஆள் இவர்தான்.

ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மறு கையை அந்த உள்ளங்கையில் வைத்தாள். ஜெபம் தடுமாறியது. ஐரோப்பாவைப் பாதியில் விட்டுவிட்டார். கண்ணைத் திறக்கவில்லை, பிடியை மட்டும் இறுக்கினார். ஆமென் வர வெகுநேரம் ஆயிற்று. அதுவரை அவள் காற்றையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கண்ணைத் திறந்ததும் கேட்டாள்.

"அத்தான், வீட்டுச் சாவிய தேவமணிட்டயே குடுத்துட்டுப் போவமா?"