பத்து நிமிடக் கெடு

ஜூலை எட்டாம் தேதி பகல் ஒன்று இருபதுக்குக் குளிர்பதனக் கிடங்கின் மூன்று கம்ப்ரசர்களும் ஒன்றாக நின்றன.

கிடங்கில் அப்போது நூற்று நாற்பது டன் ராஸ்ப்பெர்ரிப் பழம் இருந்தது. எங்கள் இவான்யித்சா ஊரைச் சுற்றி நான்கு கிராமங்களில் தொண்ணூற்றிரண்டு குடும்பங்கள் பறித்துக் கொண்டுவந்தது. உள்ளே மைனஸ் பதினெட்டு இருக்க வேண்டும். மைனஸ் பதினைந்தைத் தாண்டி ஏறிவிட்டால், வாங்குகிறவர்கள் சாறு பிழியும் தரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். அதோடு அந்த வருஷத்து உழைப்பு போயிற்று.

நான் அங்கே பதினேழு வருஷமாக மெக்கானிக். கம்ப்ரசரில் கோளாறு இல்லை என்று தொட்டதுமே தெரிந்துவிட்டது. கோளாறு அதை ஓட்டும் கம்ப்யூட்டரில். கையால் ஓட்டும் பழைய பெட்டியை முதலாளி லூபிசாவ் எப்போதோ கழற்றி விற்றுவிட்டார். கம்ப்யூட்டரை வைத்துக் கொடுத்த ஆள் கடற்கரையில் விடுமுறையில் இருந்தார், போன் எடுக்கவில்லை.

ஒன்று நாற்பத்தைந்துக்கு என் தங்கை நெவேனாவைக் கூப்பிட்டேன்.

நெவேனா என்னைவிட ஒன்பது வயது இளையவள். நான் மூன்று வருஷத் தொழிற்பள்ளியோடு நிறுத்தியவன். அவள் நோவி சாத் நகரத்துக்குப் போய்ப் படித்து, அங்கேயே நான்காவது மாடியில் ஒரு வீட்டில் உட்கார்ந்து ஊரார் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறாள். இருநூற்றுப் பதினோரு இயந்திரங்கள். பல் மருத்துவர், மாவு மில், பேருந்து நிலையம் என்று எல்லாம் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தால் நெவேனா வந்துவிட்டாள் என்று அர்த்தம். சுபோத்தித்சா ஊர் மாவு மில்காரர் அந்த அம்புக்குறிக்கு எதிரே காபி வைப்பாராம், கேலியாக.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அதே மில்லில்தான் ஒரு தப்புச் செய்தாள். தூரத்திலிருந்து ஒரு கம்ப்யூட்டரின் இணைப்பு அமைப்பை மாற்றும்போது, தான் உள்ளே வந்த வழியையே அடைத்துவிட்டாள். திரும்ப நுழைய முடியவில்லை. நூறு கிலோமீட்டர் பஸ்ஸில் போய், ஒரே ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டாள். இணைப்பைத் தொடுவதற்கு முன் கம்ப்யூட்டருக்கு ஒரு கெடு கொடுப்பாள். பத்து நிமிடத்துக்குள் அவள் 'சரி' என்று உறுதி செய்யாவிட்டால், அது தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வழி அடைபட்டாலும் பத்து நிமிடத்தில் திறந்துகொள்ளும்.

அவள் உள்ளே நுழைவதற்காகத் திரையில் வந்த ஒன்பது எண்களையும் போனில் இரண்டு முறை படித்தேன். ஒன்று ஐம்பத்தைந்துக்கு அம்புக்குறி நகர்ந்தது.

"அண்ணா, நீ எதையும் தொடாத. வெப்பத்தை மட்டும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா சொல்லு."

சொன்னேன். மைனஸ் பதினேழு புள்ளி ஆறு. பதினேழு புள்ளி இரண்டு. அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். லூபிசாவ் என் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார்.

"உன் தங்கச்சி என்ன, நாவலா படிக்கிறா?"

"படிக்காம கை வச்சா நீங்கதான் அழுவீங்க, முதலாளி."

இரண்டு நாற்பதுக்குக் கண்டுபிடித்தாள். பகல் ஒன்றேகாலுக்குக் கம்ப்யூட்டரின் பாதுகாப்புப் புரோகிராம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டுவிட்டது. அதற்குப் பிறகு கம்ப்ரசர்கள் அனுப்பும் செய்தியை அது உள்ளே விடவில்லை. பேச்சு அறுந்ததும் அவை பாதுகாப்புக்காக நின்றுவிட்டன.

"இந்தத் தடையை எடுக்கணும். நான் உள்ள வந்திருக்கிற வழியும் அங்கதான் இருக்கு. கெடு வச்சுட்டுத்தான் செய்வேன். மணி பாரு."

"ரெண்டு ஐம்பத்திரண்டு."

"அப்போ மூணு ரெண்டு வரைக்கும்."

வெளியே மேற்கு மலைக்கு மேல் வானம் கறுத்திருந்தது. ஆலங்கட்டி மழை தோட்டத்தை அடிக்காமல் மேகத்தைக் கலைக்கும் ராக்கெட்டுகளை மேட்டு ஊரில் விட ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஜன்னல் அதிர்ந்தது.

இரண்டு ஐம்பத்து நான்குக்கு முதல் கம்ப்ரசர் உறுமியது. பிறகு இரண்டாவது. திரையில் மைனஸ் பதினைந்து புள்ளி எட்டு. நான் சிலுவைக் குறி போட்டுக்கொண்டேன்.

"மூணாவதும் ஒழுங்கா பேசுதான்னு பாத்துட்டு உறுதி செஞ்சுடறேன். ரெண்டு நிமிஷம்" என்றாள் நெவேனா.

அப்போது கிடங்கின் தலைக்கு மேலேயே இடி இடித்தது. விளக்குகள் ஒரு தடவை கண் சிமிட்டின. அம்புக்குறி அப்படியே நின்றது.

"அண்ணா! அங்க என்ன ஆச்சு? நான் வெளிய வந்துட்டேன்."

திரும்பிப் பார்த்தேன். லூபிசாவ் கையில் இணையம் கொண்டுவரும் மோடத்தின் பிளக்கும் அதன் கேபிளும் இருந்தன. எங்கள் ஊரில் இடி இடித்தால் முதலில் பிளக்கைப் பிடுங்குவார்கள், அப்புறம்தான் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவார்கள்.

"கம்ப்யூட்டரைத் தொடலையே! அவ சொன்னபடி விட்டுட்டேன். டப்பாவைத்தான் பிடுங்கினேன். மிஷின் ஓடுதுல்ல?"

ஓடியது. மூன்றாவதும் ஓடியது. ஆனால் மணி இரண்டு ஐம்பத்தேழு. உறுதி செய்ய அவளால் உள்ளே வர முடியாது. மூன்று இரண்டுக்கு கம்ப்யூட்டர் தானாகப் பழைய நிலைக்குப் போய்விடும். மூன்றும் நின்றுவிடும். நின்ற கம்ப்ரசரை நாற்பது நிமிடம் கழித்துத்தான் மறுபடி ஓட்டலாம். அதற்குள் மைனஸ் பதினைந்து தாண்டிவிடும்.

"நீ சொல்லு, நான் அடிக்கிறேன்" என்றேன்.

"நீ ஒத்த விரல்ல அடிக்கிற ஆளு. முப்பத்தெட்டு எழுத்து, ஆங்கிலத்துல. ஒண்ணு தப்பினாலும் போச்சு. பிளக்கைச் சொருகு. மோடத்துக்கு உயிர் வரவே மூணு நிமிஷம் ஆகும்."

நான் கையை நீட்டினேன். லூபிசாவ் பிளக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"மூணு வருஷம் முன்னாடி இதே ஒயர்ல மின்னல் இறங்கிப் பழைய கம்ப்யூட்டர் கருகினது உனக்கு மறந்துபோச்சா, மேஸ்திரி? இதுவும் போனா அப்புறம் எதை வச்சு ஓட்டுவ?"

அவர் சொன்னது பொய் இல்லை. கருகிய அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி வெளியே போட்டவன் நான்தான். போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"லூபிசாவ் மாமா," என்றாள் நெவேனா. "இடி விழலாம், விழாமலும் போகலாம். மூணு ரெண்டு கட்டாயம் வரும். அந்தக் கெடு நான் வச்சது. இப்ப அதை நானே வந்துதான் எடுக்கணும்."

மறுபடி மின்னல். அவர் என்னைப் பார்க்கவில்லை. கதவு வழியே குளிர் அறையின் பக்கம் பார்த்தார். பிறகு குனிந்து தன் கையாலேயே சொருகினார்.

இரண்டு ஐம்பத்தெட்டரை.

முதல் பச்சை விளக்கு எரிந்தது. இரண்டாவது எரிந்து அணைந்தது. மழை கூரைத் தகரத்தில் கொட்டியது. "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்றார் லூபிசாவ், மோடத்திடமே. மூன்று அடித்தபோது இரண்டாவது விளக்கு நிலைத்தது. மூன்றாவது மட்டும் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"இன்னும் ஒண்ணு எரியல" என்றேன்.

"தெரியும். பேசாத."

மூன்று ஒன்று. விளக்கு நிலைத்தது. அம்புக்குறி துள்ளியது. கறுப்புச் சதுரம் ஒன்று திறந்தது, எழுத்துகள் ஓடின. பாதியில் நின்று ஒரு எழுத்தை அழித்துத் திருத்தினாள். அந்த நேரத்திலும் திருத்தினாள்.

சுவர்க் கடிகாரம் மூன்று இரண்டைத் தாண்டியது. மூன்று கம்ப்ரசர்களும் ஓடிக்கொண்டிருந்தன.

"கெடுவை எடுத்துட்டேன்" என்றாள். "இப்ப பிடுங்கச் சொல்லு."

லூபிசாவ் பாய்ந்து பிடுங்கினார். பிளக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு போனிடம் குனிந்தார்.

"பொண்ணே, அடுத்த தடவை என்னைக் கட்டிப் போட்டுட்டு ஆரம்பி."

"கட்டிப்போட ஆளை அனுப்பணுமே மாமா. என் கைக்கு அவ்வளவு நீளம் இல்ல."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. திரையில் வரும் எண்ணை நம்பமாட்டேன், உள்ளே போய் வெப்பமானியைப் பார்த்துச் சொல் என்றாள். பஞ்சுக் கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். மைனஸ் பதினைந்து புள்ளி ஐந்து. அங்கேயே நின்றேன். மூன்று இருபதுக்குப் பதினைந்து புள்ளி எட்டு. மூன்று நாற்பதுக்குப் பதினாறு புள்ளி இரண்டு. அதைச் சொன்ன பிறகுதான் அவள் போனை வைத்தாள்.