பானட்டில் இரண்டு தட்டல்

பொய் சொல்ல எனக்கு அவசியமில்லை. யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் எழுந்து போகிறவள் நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள், படித்தது மின்பொறியியல். கரண்ட் எங்கே ஓடும், எங்கே ஓடாது என்று தெரியும். தெரிந்ததுதான் இப்போது தொல்லை.

போன ஜனவரி பதினேழாம் தேதி. டெல்லியில் மாயாபுரி பக்கம் ஓர் ஒர்க்ஷாப். பட்டப்பகல்தான். ஆனால் பனிமூட்டத்தில் எதிர்க்கடை தெரியவில்லை.

நான்கு மாதமாக முதலாளி ராஜசேகரன் என்னைப் போன் எடுக்கத்தான் வைத்திருந்தார். வயரிங் வேலை கொடுங்கள் என்று தினமும் சண்டை போட்டேன். அன்று காலை அலுத்துப்போனார்.

"சரி மஞ்சு, அந்த ஜீப்பப் பாரு. சாயங்காலத்துக்குள்ள ஃபேன் ரெண்டும் ஓடணும். ஓடலைன்னா இந்தப் பேச்ச மறுபடி எடுக்கக் கூடாது."

ஜீப்பின் பழைய டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டு ஒரு பெட்ரோல் இன்ஜின் ஏற்றியிருந்தார்கள். இது நீளம் அதிகம். ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேனுக்கு இடமில்லை. அதனால் முன்பக்கம் இரண்டு மின்சார ஃபேன் வைத்தோம். பாதுகாப்பு வலை இன்னும் மாட்டவில்லை.

நான் முன்னால். மெக்கானிக் மதன் டிரைவர் சீட்டில், ஸ்விட்ச் பக்கத்தில். நடுவில் தூக்கி நிறுத்திய பானட். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது.

"மதன், ரிலே இருக்கா பாரு. அது இல்லாம ஃபேனுக்குக் கரண்ட் வராது."

"பாக்கறேன் இன்ஜினியரம்மா. ஜல்தி பண்ணாத."

பக்கத்துக் கடையில் இரும்பு தேய்க்கும் கிரைண்டர் அலறியது. அவன் பக்கவாட்டில் எட்டிப் பார்த்து இன்னும் ஏதோ சொன்னான். காதில் விழவில்லை. சரி சரி என்று கையை ஆட்டினேன்.

மணி 3:40.

டக்... டக்.

பானட்டின் மறுபக்கத்தில் இரண்டு தட்டல். உடனே இடது ஃபேன் சுற்றியது. காற்று என் முகத்தில் அடித்தது. தலைகீழாகச் சுற்றுகிறது, வயர் மாறியிருக்கிறது.

"நிறுத்து" என்றேன். நிற்கவில்லை. எரிச்சலில் பானட்டில் கையால் ஓர் அடி அடித்தேன். நின்றது.

புரிந்துகொண்டேன். இரண்டு என்றால் ஓட்டு. ஒன்று என்றால் நிறுத்து. கிரைண்டர் சத்தத்துக்கு நல்ல ஏற்பாடு. வயரை மாற்றிவிட்டு இரண்டு தட்டினேன். ஓடியது. ஒரு காகிதத்தை முன்னால் நீட்டினேன், இழுத்துக்கொண்டது. இப்போது சரி.

3:58. வலது ஃபேன். கிரைண்டர் நின்றிருந்தது. அப்போதுதான் உறைத்தது... மதனுக்கு இரண்டு நிமிடம் வாய் சும்மா இருக்காது. இத்தனை நேரமாக ஒரு வார்த்தை இல்லை.

"என்னடா, தூங்கிட்டியா?"

சீட் கூடக் கிரீச்சிடவில்லை.

4:06. இரண்டு தட்டியதில் வலது ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தொங்கிய வயரைச் செருகக் குனிந்தேன். ஸ்வெட்டரின் இடது கை நூல் பிளேடில் சிக்கியது.

இழுத்தது.

"மதன், நிறுத்து."

வலது கையால் இடது கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். விரலுக்கும் பிளேடுக்கும் நடுவில் ஓர் அங்குலம்.

"நிறுத்துடா."

கத்தினேன். பம்பரை உதைத்தேன். வேகம் குறையவில்லை.

அரை அங்குலம்.

தட்ட வேண்டும்... தட்டினால்தான் நிற்கும். தட்ட, பிடித்திருக்கும் கையை விட வேண்டும்.

விட்டேன்.

டக்.

நின்றது.

பிளேடு நகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பிளையரால் நூலை வெட்டிவிட்டு ஜீப்பைச் சுற்றி ஓடினேன்.

சீட்டில் யாரும் இல்லை.

ரிலே செருகும் இடம் காலி. வெறும் ஓட்டைகள். அங்கே கரண்ட் அறுந்து நிற்கிறது. ஃபேன் ஓடவே முடியாது.

4:15. மதன் கேட் வழியாக உள்ளே வந்தான். கையில் புது ரிலே.

"எப்ப போன?"

"மூணரைக்கு. சொல்லிட்டுத்தானே போனேன், நீ கூட கைய ஆட்டின?"

"அப்ப பானட்டத் தட்டினது யாரு?"

அவன் முகம் செத்துப்போனது. முதலாளியைத் திரும்பிப் பார்த்தான்.

ரிலேயைப் போட்டு ஐந்து மணிக்கு இரண்டு ஃபேனையும் ஓட்டிக் காட்டினேன். வேலை எனக்குத்தான் என்றார் ராஜசேகரன். சந்தோஷப்பட முடியவில்லை.

"எனக்கு முன்னாடி இந்த வேலையப் பாத்தது யாரு சார்? பானட்டத் தட்டினதுன்னதும் மதன் ஏன் உங்களப் பாத்தான்?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்.

வைத்தி என்று ஒருவன். காது கேட்காது. அவனுக்காகத்தான் இந்தக் கடையில் பானட்டைத் தட்டுவார்கள். அதிர்வை உணர்ந்து பதிலுக்குத் தட்டுவான். அவனுக்குப் பிறகு யாரும் தட்டுவதில்லை. ஒருநாள் வைத்தி ஸ்விட்சில் இருந்தபோது, முன்னால் நின்றவனின் கை ஃபேனுக்குள் போய்விட்டது. கடையே கத்தியது. வைத்திக்குக் கேட்கவில்லை. பானட் மறைத்ததால் தெரியவும் இல்லை. ஆட்கள் ஓடிவந்து அவன் கையை ஸ்விட்சிலிருந்து எடுத்தார்கள். அடுத்த வாரம் அவன் தூக்குப் போட்டுக்கொண்டான்.

நிறுத்தச் சொல்லி ஒரு தட்டு வரும் என்று காத்திருந்தானாம்.

முன்னால் நின்றவனின் ஒரு கை ஃபேனில். இன்னொரு கை அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. தட்டுவதற்குக் கை மிச்சமில்லை.