கண்ணாடி இருந்த இடத்தில் அம்மன்

மல்லூர் தாண்டி ஒரு திருப்பத்தில் என் வலது கை மரத்துப்போய் ஸ்டீயரிங்கை விட்டு நழுவியது. பஸ் கடலைக்காட்டுக்குள் இறங்கி நின்றது. யாருக்கும் அடியில்லை. பயணிகள் இறங்கி வண்டியின் முன்னால் வந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா காப்பாத்திட்டா" என்று கும்பிட்டார்கள். காட்டுக்குள் கொண்டுவந்து விட்டதும் அந்த ஆத்தாதான் என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல், கரியை எரித்து வரும் கேஸில் ஓடிய நாமக்கல்–சேலம் பஸ்ஸுக்கு நான் டிரைவர். ஒரு நாள் புளியங்கிளை அடித்து என் பக்கத்து முன்கண்ணாடி நொறுங்கிப் போனது. மாற்றுக் கண்ணாடி எங்கேயும் கிடைக்கவில்லை. முதலாளி ஆசாரியைக் கூப்பிட்டுப் பலகை அடிக்கச் சொன்னார். வெறும் பலகை மூளியாக இருக்கிறதென்று அதில் உள்ளேயும் வெளியேயுமாக இரண்டு பக்கமும் மாரியம்மனை வரையவும் வைத்தார். மறுநாளே வேப்பிலை மாலை விழுந்தது. அதற்கப்புறம் பலகையில் கை வைக்க யார் துணிவார்கள்?

"மொதலாளி, ரோடே தெரியிலீங்க" என்றேன்.

"ஆத்தா பாத்துக்குவா. நீ ஓட்டு சாமி" என்றார். அவர் தினமும் உட்காரும் இடதுபக்க முன்சீட்டுக்கு எதிரே கண்ணாடி பத்திரமாக இருந்தது.

ஆகவே நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கழுத்தை வலப்பக்கம் ஒடித்தபடி ஓட்டினேன். முதலில் கழுத்து இறுகியது. பிறகு தோள்பட்டைக்குக் கீழே ஆணி அடித்தாற்போல் ஒரு வலி வந்து உட்கார்ந்தது. கடைசியில் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் எறும்பு ஊர ஆரம்பித்தது. சட்டைப் பொத்தானைப் போடவே முடியவில்லை.

கை காட்டியது

கடலைக்காட்டுக்குப் பிறகு எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எறும்பு ஊரும்போதெல்லாம் கையை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டு உதறுவேன். அதில் வேறொரு வம்பு வந்தது. வழியில் நின்ற சனங்கள், "டிரைவரு இடமில்லீங்கறாரு" என்று ஊட்டுக்குத் திரும்பிப் போனார்கள். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு சனம் போன அந்தக் காலத்தில், எங்கள் பஸ் மட்டும் காலியாகச் சேலம் போய்ச் சேர்ந்தது.

ராசிபுரம் ஸ்டாண்டில் பெரியவர் ஒருவர், தான் கால் முன்னால் வந்து பிறந்தவர் என்றும், தன் கால் பட்டால் எந்தச் சுளுக்கும் போகும் என்றும் சொல்லி என் முதுகில் ஏறி நின்றார். பயணிகள் சுற்றி நின்று பார்த்தார்கள். அவர் இறங்கியபோது இடது கையிலும் கொஞ்சம் எறும்பு ஊர்ந்தது.

சேலத்து டாக்டர் என் தலையைப் பிடித்து வலப்பக்கம் சாய்த்தார். விரல் வரைக்கும் மின்சாரம் பாய்ந்தது.

"கழுத்துல நரம்பு நசுங்குது. இனிமே நேரா பார்த்து வண்டி ஓட்டுங்க."

"நேரா பாத்தா ஆத்தாதானுங்க தெரியறா."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். பிறகு தைலம் எழுதிக் கொடுத்தார்.

முதலாளி ஓட்டினார்

"வேலைக்கு உடம்பு வணங்கலைன்னா சொல்லிப்போடு. கழுத்து, நரம்புன்னு கதை உடாத" என்றார் முதலாளி. "இன்னிக்கு நான் ஓட்டறேன். நீ இப்படி உக்காரு."

அவருக்கு ஓட்டத் தெரியும், பழக்கம்தான் விட்டுப்போயிருந்தது. நான் அவருடைய சீட்டில் உட்கார்ந்தேன். கண்ணாடி வழியே ரோடு அத்தனை அழகாகத் தெரிந்தது. புதுச்சத்திரம் வரை அவர் பேசிக்கொண்டு வந்தார். ஆண்டகளூர் கேட்டில் பேச்சு நின்றது. மல்லூரில் அவருடைய கை ஜன்னலுக்கு வெளியே போய் உதறியது. நின்ற சனம் திரும்பிப் போனது.

சேலத்தில் இறங்கியவருடைய தலை வலது தோளைவிட்டு நிமிரவில்லை. எதிரே வந்த வியாபாரி ஒருவர், "ஏனுங்க, என்ன அப்படி மொறைக்கறீங்க?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். முதலாளியின் கையைப் பிடித்து அதே டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "நீங்களும் அம்மனையா பார்த்தீங்க?"

"ஆத்தாளை எடுக்க முடியாதுங்க. குத்தமாயிப் போயிரும்" என்று முதலாளி முனகினார்.

"எடுக்க வேண்டாமுங்க" என்றேன். "உங்க சீட்டுக்கு எதிர்க்க மாத்தி வெச்சுரலாமுங்க. நீங்க பாட்டுக்கு ஆத்தாளைத் தரிசனம் பண்ணிக்கிட்டே வரலாம்."

கழுத்து வலி அவரை மறுத்துப் பேச விடவில்லை. அன்றைக்கே ஆசாரி வந்து பலகையையும் கண்ணாடியையும் இடம் மாற்றினார். மறுநாள் நான் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினேன். பக்கத்தில் முதலாளி, ரோடு தெரியாமல், மூக்குக்கு முன்னால் அம்மனோடு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் "என்னப்பா அது? என்னப்பா அது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அந்த மாதம் சண்டை முடியவில்லை. ஆனால் அதுவரை எங்கேயும் கிடைக்காத கண்ணாடி மெட்ராஸிலிருந்து வந்துவிட்டது. அம்மன் ஷெட்டில் மேளதாளத்தோடு குடியேறினாள். விரல் எறும்பு மெல்ல மெல்லப் போனது. கட்டைவிரல் நுனி மட்டும் இன்றும் கொஞ்சம் மந்தம்தான்.

இப்போது கழுத்து வலி என்று இளவட்ட டிரைவர்கள் என்னிடம் வந்தால் தைலம் எதுவும் சொல்வதில்லை. "உங்க முதலாளி எந்தச் சீட்டுல உக்கார்றாரு?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.